வாஷிங் மெஷினுக்குள் பிளீச் ஊற்றலாமா? நியூ டவுன் தண்ணீரும் ஒரு சின்னக் கணக்கும்

ஜூலை மாதம், கொல்கத்தா நியூ டவுனில் ஓர் அடுக்குமாடி ஃபிளாட். துவைத்துக் காயப்போட்டு இரண்டு நாள் ஆகியும் சட்டையில் ஈரம் போகவில்லை. போதாக்குறைக்கு ஒரு புளித்த நாற்றம் வேறு. 'மழைக்காலம், சரியா காயல' என்று ஒரு மாசம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே கறுப்பாக, வழவழவென்று ஓர் அடுக்கு. நாறியது சட்டை இல்லை, மெஷின்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒரு கப் பிளீச் ஊத்தி ஓட விடுங்க." இது பாதிதான் சரி. எந்த அழுக்கு, எந்தத் தண்ணீர், எவ்வளவு பிளீச் என்று பார்க்காமல் ஊற்றினால் துணி வீணாகலாம், சில நேரம் ஆளுக்கே ஆபத்தாகலாம்.

சோப்பு ஓடும் மெஷின் எப்படி அழுக்காகிறது?

மெஷினுக்குள் சேர்வது மூன்று வகை அழுக்கு.

முதலாவது, பாசி மாதிரியான படலம். துணியிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை, கரையாத டிடர்ஜென்ட், கம்ஃபோர்ட் மிச்சம் எல்லாம் சேர்ந்து பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடாகின்றன. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, உப்புப் படிவு. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், ஹீட்டரிலும் டிரம்மிலும் வெள்ளையாகப் படியும்.

மூன்றாவது, இரும்புக் கறை. பழுப்பு அல்லது துரு நிறத்தில் இருக்கும்.

இந்த மூன்றில் பிளீச்சுக்குக் கட்டுப்படுவது முதலாவது மட்டும்தான். உப்புப் படிவை அது கரைக்காது. இரும்பு விஷயத்தில் நிலைமையை மோசமாக்கும்.

நாற்றம்தானே, விட்டுவிட்டால் என்ன?

ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரும்பாலும் எரிச்சலூட்டும் விஷயம் மட்டுமே. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களோ இருந்தால் கதை வேறு.

2012 ஏப்ரல் முதல் 2013 மே வரை ஜெர்மனியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 13 பச்சிளம் குழந்தைகள் உட்பட 14 பேரின் உடலில், மருந்துக்கு எளிதில் அடங்காத கிளெப்சியெல்லா ஆக்ஸிடோகா என்ற பாக்டீரியா மீண்டும் மீண்டும் தென்பட்டது. தேடிப்போனவர்கள் கடைசியில் நின்றது ஒரு வாஷிங் மெஷின் முன்னால். குழந்தைகளின் தொப்பி, காலுறைகளைத் துவைத்த, வீட்டு உபயோக வகை மெஷின் அது. டிடர்ஜென்ட் டிராயரிலும் ரப்பர் வளையத்திலும் அதே பாக்டீரியா இருந்தது. நல்லவேளையாக எந்தக் குழந்தைக்கும் ஆபத்தான தொற்று ஏற்படவில்லை. மெஷினை அகற்றியதும் பரவல் நின்றது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதை வெளியிட்டார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. டிராயரும் ரப்பர் மடிப்பும்தான் மெஷினில் முக்கியமான இடங்கள். டிரம்முக்குள் ஊற்றும் பிளீச் அங்கெல்லாம் சரியாகப் போய்ச் சேராது. கையால்தான் துடைக்க வேண்டும்.

'ஒரு கப்' சரியான அளவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டிலில் 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (உங்கள் லேபிளைப் பாருங்கள்). 100 மில்லியில் சுமார் 4 கிராம்.

• டாப் லோடு, 60 லிட்டர் தண்ணீர்: 100 மில்லி ஊற்றினால் லிட்டருக்குச் சுமார் 67 மில்லிகிராம்.
• ஃபிரண்ட் லோடு, 15 லிட்டர் தண்ணீர்: அதே 100 மில்லிக்குச் சுமார் 267 மில்லிகிராம்.

மருத்துவமனைத் துணி துவைப்புக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறிப்பிடும் குளோரின் அளவு லிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம். அதை ஓர் அளவுகோலாக வைத்தால் டாப் லோடுக்கு 100 மில்லியும், ஃபிரண்ட் லோடுக்கு 50 மில்லியும் போதும். ஃபிரண்ட் லோடில் ஒரு முழு கப், அதாவது 240 மில்லி ஊற்றினால் 640 மில்லிகிராம். அந்த மேல் வரம்பைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். ரப்பரும் ஸ்டீல் டிரம்மும்தான் அடி வாங்கும்.

உங்கள் மெஷின் மேனுவல் பிளீச் வேண்டாம் என்றால், மேனுவல் சொல்வதே இறுதி.

நியூ டவுனில் கூடுதல் சிக்கல் என்ன?

இரும்பு. நியூ டவுனின் பெரும்பகுதி வடக்கு 24 பர்கானாஸ் மாவட்டத்தில் வருகிறது. அந்த மாவட்ட நிலத்தடி நீரில் இரும்பும் ஆர்செனிக்கும் இருப்பது பல ஆண்டுகளாகப் பதிவான விஷயம். உங்கள் கட்டடத்துக்கு வருவது போர்வெல் தண்ணீரா, குழாய் நீரா, இரண்டும் கலந்ததா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும்.

தண்ணீரில் கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. பிளீச் பட்டதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்புத் துகளாக மாறும். மெஷினில் தங்கும் அந்தத் துகள் அடுத்த சுற்றில் உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியில் கறை படியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எளிய சோதனை: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில துளி பிளீச் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இந்த வீடுகளில் பிளீச்சைத் தவிர்த்து, சிட்ரிக் அமிலம் கொண்ட டீஸ்கேலர் பவுடரையும் 60 டிகிரி வெந்நீர்ச் சுற்றையும் நம்புவதே நல்லது.

செய்யவே கூடாத தவறு எது?

பிளீச்சுடன் வினிகர், எலுமிச்சை, டீஸ்கேலர், ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் கலப்பது. அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. அமோனியா உள்ள கிளீனருடன் கலந்தாலும் நச்சு வாயுதான். நம்ம ஃபிளாட்களில் மெஷின் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் என்பதை மறக்க வேண்டாம்.

'பாக்டீரியாவுக்கு பிளீச், உப்புக்கு வினிகர், ரெண்டையும் ஒண்ணா போட்டா டபுள் எஃபெக்ட்' என்று தோன்றும். இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் மட்டும். கண், தொண்டை எரிந்தால் உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 112-ஐ அழையுங்கள்.

சரி, எப்படிச் செய்யணும்?

1. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.
2. டிராயரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ரப்பர் மடிப்பையும் துடையுங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.
3. மெஷின் காலியாக இருக்கட்டும். டிடர்ஜென்டும் வேண்டாம்.
4. மேலே சொன்ன அளவு பிளீச்சை, மேனுவல் காட்டும் இடத்தில் ஊற்றி, டப் கிளீன் சுற்றை ஓட விடுங்கள்.
5. அடுத்து வெறும் தண்ணீரில் இன்னொரு சுற்று. அதன் பிறகு முதல் துவைப்புக்கு வெள்ளைத் துணியோ பழைய துண்டோ போடுங்கள்.

மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். அதைவிட முக்கியமான பழக்கம் காசில்லாதது: துவைத்து முடித்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள் (வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்). கொல்கத்தா மழைக்காலக் காற்றில் மூடிய மெஷின் தானாகக் காயாது.