இணையவழித் தொலைபேசி



தோட்டத்து லயத்தில் முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு முன் பட்டணத்துக் கடைக்காரர் அழைக்கும்போது அவர் அடுப்படியில் இருந்தால், அந்தப் பெரிய ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். சிறு வியாபாரத்துக்குத் தொலைபேசி அவ்வளவு முக்கியம். இணையவழித் தொலைபேசி இதற்கு எவ்வாறு உதவுகிறது என்று இன்று பார்ப்போம்.

பழைய முறையில், இருவர் பேசி முடிக்கும் வரை அவர்களுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு லோரி போவதற்காகச் சாலை முழுவதையும் அடைத்து வைப்பதைப் போன்றது அது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் பிறருக்கு அந்தத் தடம் கிடைக்காது.

இணையவழியில் அப்படியல்ல. வழக்கமான ஒரு முறையில், கருவி நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்கள் நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்திலும் போய்ச் சேர வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். பிறருடைய செய்திகளோடு கலந்து அவை ஒரே பாதையில் ஓடுகின்றன. மறுமுனையில் உள்ள கருவி அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் குரலாக்குகிறது. பொட்டலங்கள் தாமதித்தாலோ தொலைந்தாலோ பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 1974-இல் இதைச் சோதித்துப் பார்த்தனர். 1995-இல் பொதுமக்களுக்கான மென்பொருள் விற்பனைக்கு வந்தது.

இதனால் வியாபாரிக்கு என்ன நன்மை? வியாபாரத்துக்கான சேவைகளில், ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பைத் தாயின் கைப்பேசியிலும் மகனின் கைப்பேசியிலும் ஒருசேர ஒலிக்கச் செய்யலாம். ஒருவர் எடுக்காவிட்டால் மற்றவர் எடுப்பார். இணைய இணைப்பு உள்ள எந்த இடத்திலிருந்தும் அதே எண்ணில் பேசலாம். இருவரும் ஒரே செயலியைப் பயன்படுத்தினால், வெளிநாட்டுக்குப் பேசவும் இணையக் கட்டணமே போதும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. இணையவழித் தொலைபேசியோ, வீட்டில் மின்சாரம் நின்று மோடம் அணைந்தால் ஊமையாகிவிடும். ஆகவே, அவசரத்தில் 999-ஐ அழைக்க, மின்னூட்டிய கைப்பேசி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். இரண்டாவதாக, திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வங்கி என்றோ காவல் நிலையம் என்றோ சொல்லிக் கேட்டாலும் இரகசியக் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

பாடுபட்டுச் சேர்த்த பணம் ஓர் அழைப்பில் போய்விடக் கூடாது அல்லவா?