மருந்துக்கு எது அளவுகோல்?

பாரத தேசத்தை ‘உலகின் மருந்துக்கடை’ என்று அயல்நாட்டாரும் புகழ்கின்றனர். அப்புகழ் பொய்யன்று. ஆயினும், மருந்து செய்து ஏற்றுமதி செய்தல் வேறு. தன் ஜனங்களுக்கு நல்ல மருந்து கிடைக்கச் செய்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு நாம் மயங்கலாகாது.

தேசங்களின் மருந்து வசதியை அளப்பது எங்ஙனம்? உலக சுகாதார ஸ்தாபனம் 1977-ம் வருஷத்தில் அத்தியாவசிய மருந்துகளின் முதல் ஜாபிதாவை வெளியிட்டது. 2003-ல் ஹெல்த் ஆக்ஷன் இன்டர்நேஷனல் என்னும் சங்கத்துடன் கூடி ஓர் அளவு முறையையும் வகுத்தது. விசாரிக்கச் செல்லும் தினத்தில் மருந்து அலமாரியில் இருக்கிறதா? அதன் விலை, சர்க்காரின் கடைநிலை ஊழியருக்கு எத்தனை நாள் சம்பளம்? இவையே அம்முறையின் பிரதான கேள்விகள்.

இவ்வளவுகோலைக் காரைக்கால் பிரதேசத்துக் குரும்பகரத்தில் வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். நடவும் அறுப்பும் இல்லாத நாளில் வயல் தொழிலாளிக்குக் கூலியே இல்லை. நீரிழிவுக்கு மாதந்தோறும் மருந்துண்ண வேண்டிய அவருக்கு, சர்க்கார் ஊழியரின் சம்பளக் கணக்கு எவ்வாறு பொருந்தும்? தேசத்தின் சராசரி உயர்ந்திருக்கையிலும், ஒரு கிராமத்தின் அலமாரி வெறுமையாயிருக்கக் கூடும்.

காரைக்காலைத் தமிழ்நாடு மூன்று புறமும் சூழ்ந்துள்ளது. அங்கே 1994-ல் ஸ்தாபிக்கப்பட்ட மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, ஜில்லாக் கிடங்குகளின் வழியே வைத்தியசாலைகளுக்கு வழங்குகிறது. காரைக்கால் வைத்தியசாலைகளோ புதுச்சேரி சர்க்காரின் பொறுப்பிலுள்ளவை. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது, எல்லைக்கோடு அகலவில்லை. கோட்டுக்கு அப்பால் கிடைக்கும் மருந்து இப்பாலும் தவறாது கிடைக்கிறதா என்பதை ஊர்தோறும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.

தமிழ்நாட்டாரும் தருக்குவதற்கில்லை. காஞ்சீபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் மருந்தொன்றில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்தது 2025 அக்டோபரில் வெளிப்பட்டது. அதையுண்ட மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் மாண்டனர். சர்க்கார் வாங்கும் மருந்தைச் சோதித்தால் மட்டும் போதாது. கடையில் விற்பதும் சோதிக்கப்படல் வேண்டுமென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆதலின், ஒவ்வொரு சர்க்கார் வைத்தியசாலையும் தன் மருந்து இருப்பையும் சோதனை முடிவையும் மாதந்தோறும் வாயிலில் எழுதி வைக்கும்படி இரு சர்க்கார்களும் உத்தரவிட வேண்டும். பொது ஊழியர்கள் அதனைக் கிராமந்தோறும் சென்று கேட்க வேண்டும். பிரசங்க மேடைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை இப்பணிக்கு அளிப்பார்களென்று நம்புகிறோம்.