அம்மாவின் முத்துத் தோடும் என் நெஞ்சுக் கல்லும்

தூத்துக்குடிப் பெண்களுக்கு முத்து என்றால் தனிப் பெருமை. கழுத்தில் கிடப்பது கவரிங்காக இருந்தாலும் பெருமை மட்டும் அசல்! எங்கள் அம்மாவிடம் ஒரு ஜோடி முத்துத் தோடு இருந்தது. இங்கே 1955 முதல் 1961 வரை வருஷம் தவறாமல் முத்துக்குளிப்பு நடந்ததல்லவா, அதன் கடைசி வருஷத்தில் அப்பா ஒரு வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த முத்துக்கள்.

2008-இல் அம்மா காலமானாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பீரோவைத் திறந்தால் தோட்டைக் காணோம். "அம்மா எனக்குத்தான் தந்தா" என்றாள் அக்கா, முகத்தைக்கூடப் பார்க்காமல். அம்மாவோ என்னிடம் அதை எனக்கென்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு வாய்ச்சண்டை முற்றி, திருச்செந்தூர் பஸ் ஏறிப் போன அக்காவுடன் பதினொரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அவள் மகள் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

போகவில்லையே தவிர, அக்காவை விட்டு ஒரு நாளாவது விலகி இருந்தேனா? அரிசி களையும்போது, துணி காயப் போடும்போது, மனதுக்குள் அவளோடு வாதாடிக் கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிப்பேன்! ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிளட் பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஒருநாள் சமையலறையில் மருமகள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்று, "அத்தே, யாருகிட்ட பேசுதீங்க?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்?

அப்போதுதான், 2019-இல், எங்கள் தெருப் பெரியவர் ஒருவரோடு பேச வாய்த்தது. 1961-இல் பதினேழு வயதுப் பையனாக முத்துக்குளித்தவர். பேரனிடம் அந்தக் காலக் கதை சொல்லிக் கொண்டிருந்தார். நானும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

குளிப்பவருக்கு இரண்டு கயிறுகளாம். ஒன்றில் சுமார் 15 கிலோ கல். இன்னொன்று அவரையும் சிப்பி போடும் வலைப்பையையும் மேலே இழுக்க. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சை அடக்கி இறங்கினால் கல்லின் கனம் விறுவிறென்று அடிமண்ணுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் நேரம்.

"கல்லு வேணும்தான் தாயி. இல்லன்னா தண்ணி மேல தள்ளிரும். ஆனா கால் மண்ணுல பட்டதும் கல்லை விட்டுரணும். தோணியில இருக்கவரு அதை இழுத்துக்கிடுவாரு."

"விடாம இருந்தா பெரியப்பா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எதுக்கு விடாம இருக்கணும்?"

அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அக்காவோடு வாதாடவும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம்மிடம் பெரியவர்கள் என்ன சொல்லி வளர்த்தார்கள்? "சிப்பி மாதிரிப் பொறுத்துக்கோ, உள்ளே உறுத்துறதுதான் முத்தாகும்" என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! முத்துக்குளிப்பு ஊரில் பிறந்தவளாகச் சொல்கிறேன், ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்தாலும் முத்து இருப்பது சிலவற்றில்தான். அதையும் எப்படி எடுப்பார்களாம்? சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி அரித்து எடுப்பார்கள். முத்து கிடைப்பது வியாபாரிக்கு. சிப்பிக்கு என்ன மிச்சம்? 1973-இல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அந்தச் சிப்பியிடம்கூட யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆகவே சிப்பி உபதேசத்தை நான் இப்போது ஏற்பதில்லை.

எனக்குப் பிடித்தது தோணியில் கயிறு பிடிக்கிறவர். பெரும்பாலும் மனைவியின் சகோதரனைத்தான் அந்த வேலைக்கு வைப்பார்கள் என்பார்கள். தங்கை தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பார்களே, கடலுக்குள் இறங்கவும் வேண்டும். நமக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். சொன்னதை நாலு வீட்டில் சொல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நான் யாரிடம் சொன்னேன் தெரியுமா? எரிந்து விழுந்த அதே மருமகளிடம்தான். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு முழுக் கதையும் சொன்னேன்.

அவள் படித்த பெண். "எழுதிப் பாருங்க அத்தே" என்றாள். 1986-இல் அமெரிக்காவில் பென்னபேக்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறதாம். மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனதை வாட்டிய சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதியவுடன் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில், சம்பவத்தோடு அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போனது குறைந்ததாம். எனக்கும் முதல் நாள் அழுகைதான். மூன்றாம் நாள் எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது: நான் அழுவது தோட்டுக்காக இல்லை, அம்மா என்னிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாளே என்பதற்காக. இறந்தவளோடு சண்டை போட முடியாமல் இருப்பவளோடு போட்டிருக்கிறேன்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் சோகம் தீராமல், குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் இருந்தால் நோட்டில் எழுதிக் கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசகர்களிடம் இலவசமாகப் பேசலாம். அடி உதை படுகிறவர்களுக்கு 'மறந்துவிடு' என்று நான் சொல்லவே மாட்டேன். அது வேறு விவகாரம். அவர்களுக்கு 181 இருக்கிறது.

அந்த வாரமே திருச்செந்தூர் போனேன். கையில் அரைக் கிலோ மக்ரூன். கதவைத் திறந்த அக்கா, "ஏட்டி, மெலிஞ்சு போயிட்டியே" என்றாள். மன்னிப்பும் கேட்கவில்லை, கட்டிப் பிடித்து அழவும் இல்லை. காப்பி குடிக்கும்போது தானாகவே சொன்னாள்: தோட்டை 2013-இலேயே விற்றுவிட்டாளாம், அத்தானின் ஆபரேஷனுக்கு. "உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்?"

ஆறு வருஷமாக இல்லாத ஒரு பொருளுக்காக நான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கிறேன்! கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வந்தது. அத்தான் ஆபரேஷன் ஆனதே எனக்குத் தெரியாது என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக வந்தது.

அக்கா தட்டில் மக்ரூனைக் கொட்டி என் பக்கம் தள்ளினாள். "உனக்குப் பிரஷராமே, ஒண்ணே ஒண்ணு தின்னு" என்றாள். நான் நாலு தின்றேன்.