கரிசல் காட்டில் ஒளி அறுவடை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம், சீமைக்கருவேலங்காடு, இடையிடையே கரிமூட்டத்தின் புகை. பருத்தியையும் சோளத்தையும் மல்லியையும் மழையை நம்பி விதைக்கும் வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டிலும் அந்த வானம் தவறாமல் தருவது வெயில் ஒன்றுதான்.

அந்த வெயிலை அறுவடை செய்யும் நிலையம் ஒன்று 2016-இல் கமுதி அருகே எழுந்தது. சுமார் 2,500 ஏக்கரில் 25 இலட்சம் சூரியப் பலகைகள். மொத்தத் திறன் 648 மெகாவாட். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பலகையின் பங்கு சுமார் 260 வாட்.

பலகைக்குள் நடப்பது என்ன? அதில் இருப்பது சிலிக்கன். அதன் ஓர் அடுக்கில் சிறிதளவு பாஸ்பரஸையும், மற்றோர் அடுக்கில் சிறிதளவு போரானையும் கலந்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிறது. ஒளித்துகள் வந்து மோதியதும் ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. மின்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கம்பியால் இணைத்துவிட்டால் மின்னோட்டம்! 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த சிலிக்கன் மின்கலம், விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று கடையில் விற்கும் நல்ல பலகைகள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

'அப்படியானால் அக்கினி நட்சத்திரத்தில்தான் மின்சாரம் கொட்டும்' என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. பலகைக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. பலகையின் திறனை 25 டிகிரி செல்சியஸில்தான் அளந்து குறிக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்னழுத்தம் இறங்குகிறது. திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை நண்பகலில் பலகை 60 டிகிரிக்குக் காய்ந்தால் 14 சதவீதம் போயிற்று!

போதாக்குறைக்குக் கரிசல் புழுதி வேறு. படிந்த தூசி ஒளியை மறைக்கும். குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் சீமையில் 25 இலட்சம் பலகைகளைக் கழுவ எங்கே போவது? கமுதியில் இந்த வேலையைத் தானியங்கி எந்திரங்கள் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் சூரியனே தருகிறது.

சரி, பொழுது சாய்ந்த பிறகு? இந்த இடத்தில் கரிமூட்டக்காரர் நம்மைவிடக் கெட்டிக்காரர். கருவேல மரம் சேர்த்து வைத்த சூரிய ஆற்றலைத்தானே அவர் மூட்டையில் கட்டி, வேண்டும்போது எரிக்கிறார்? மின்சாரத்தை அப்படி மூட்டை கட்ட முடியாது. அருப்புக்கோட்டையில் இரவிலும் விசைத்தறி ஓட, பகல் மின்சாரத்தை எங்காவது சேமித்தாக வேண்டும். லித்தியம் மின்கல அடுக்குகள் ஒரு வழி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் இன்னொரு வழியைக் காட்டுகிறது: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி நிலத்தைப் பற்றியது. பருத்திக் காட்டில் விதைப்பு, களையெடுப்பு, பஞ்செடுப்பு என்று பலருக்கு வேலை உண்டு. பலகைகள் நின்றுவிட்டால் காவலுக்கும் பராமரிப்புக்கும் சிலர் போதும். வேலியும் மேடும் மழைநீரின் பாதையை மறித்தால், கீழேயுள்ள கண்மாய் நிறையாது. பலகைகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தி, அவற்றின் நிழலில் பயிர் செய்யும் முறையைப் பல நாடுகளில் சோதித்து வருகிறார்கள். நம் கரிசலுக்கு அது பொருந்துமா, எந்தப் பயிர் அந்த நிழலைத் தாங்கும் என்பதை இங்கேயே விதைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன், உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எந்தெந்த நிலங்களைத் தாண்டி வருகிறது என்று ஒரு மழை நாளில் நடந்து பார்த்து, நோட்டில் வரைந்து வையுங்கள். பலகை நிறுத்த இடம் தேடி வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய படம் அது.