அட்டைப்பெட்டியில் 150 வாட், வீட்டில் எவ்வளவு?

மின்னியல் கடையில் வரிசையாக நிற்கும் ரிசீவர் பெட்டிகள் எல்லாம் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன. 7 சேனல், 150 வாட். 700 வெள்ளிப் பெட்டியும் அதைச் சொல்கிறது, 2,500 வெள்ளிப் பெட்டியும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. பிறகு எதைப் பார்த்து வாங்குவது?

இந்தக் கேள்வியோடுதான் என் அக்கா மகன் போன ஆண்டு என்னை அழைத்தான். பொங்கோலில் நாலறை பிடிஓ வீடு, புதுக் குடித்தனம். கையில் 1,200 வெள்ளி. கூடவே, காலமான அத்தான் எண்பதுகளில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர். கடைக்காரர், “இதைத் தூக்கிப் போடுங்கள், ஏழு சின்ன ஸ்பீக்கரோடு செட்டாகத் தருகிறேன்” என்றாராம். “மாமா, அப்பா ஸ்பீக்கரைப் போட மனசு வரல. ஆனா அதுக்காகப் பாட்டு சுமாரா கேட்டாப் பரவாயில்லன்னும் இருக்க முடியாது” என்றான். வயது 29. சரியாகத்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த வாட் கணக்கு. பெட்டியில் உள்ள பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். “6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்” என்று இருந்தால், ஒரே ஒரு ஸ்பீக்கரை, ஒரே ஒரு சுருதியில், ஒலி சிதையும் அளவுக்கு முடுக்கி எடுத்த எண் அது. நாம் தேட வேண்டிய வரி வேறு: “8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல், 0.08%”. அதே பெட்டிக்கு இந்த வரியில் 80 என்றுகூட இருக்கலாம். அந்த 80தான் உண்மைக்குப் பக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் இதற்கென்று 1974லிருந்தே ஒரு விதி உண்டு. 2024ல் அதை மேலும் இறுக்கினார்கள். ஆகவே நம் ஊர்ப் பெட்டியில் விவரம் இல்லாவிட்டால், அதே மாடலின் அமெரிக்க விவரத்தாளை இணையத்தில் பாருங்கள்.

சரி, எவ்வளவு வாட் வேண்டும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் ஒலி தரும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய 80. மனிதர் பேசும் சத்தமே 60 தான். அதாவது வீவக வீட்டுக் கூடத்தில் பெரும்பாலான நேரம் நாம் 1 வாட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! மிச்சமெல்லாம் தவில் அடி, படத்தில் வெடிச்சத்தம் போன்ற கணநேர உச்சங்களுக்கு. அதற்கு நேர்மையான 50 வாட் தாராளம். 60ஐ 120 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று மட்டுமே தெரியும்.

இன்னொன்று, 700 வெள்ளிக்குள் ஏழு ஆம்ப்ளிஃபையர், படத்துக்கான சர்க்யூட், டால்பி உரிமம் எல்லாம் அடங்க வேண்டும். அதே காசு இரண்டே சேனலுக்குச் செலவானால் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். விவரத்தாளில் எடையையும் பாருங்கள். முற்றிலும் சரியான அளவுகோல் இல்லை, ‘கிளாஸ் டி’ வகை இலேசாகவே இருக்கும். ஆனாலும் ஒரே வகைக்குள் ஒப்பிட உதவும்.

பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ரிசீவர் தேடும் முன் அதன் துணியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கூம்பின் ஓரத்தில் உள்ள ஃபோம் நம் ஊர் ஈரப்பதத்தில் பொடிப்பொடியாகிவிடும். அத்தான் ஸ்பீக்கரிலும் விரல் பட்டதும் உதிர்ந்தது. புது ஃபோம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், தூக்கிப் போடத் தேவையில்லை. பின்புறம் எத்தனை ஓம் என்றும் பாருங்கள். 4 ஓம் என்றால் எல்லா ரிசீவரும் தாங்காது, சூடாகி அணைந்துவிடும். இவனுடையது 8 ஓம், பிழைத்தோம்.

வீட்டில் அக்கா வேறு இருக்கிறார். “நாடகம் பாக்க மூணு ரிமோட் கேட்டா நான் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். விளையாட்டாக இருந்தாலும், ரிசீவர் தேர்வில் இதைவிட முக்கியமான நிபந்தனை குறைவு. பின்புறம் ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ இருந்தால், டிவி ரிமோட்டாலேயே ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு ஸ்பீக்கருக்கு ஏஆர்சியே போதும். இஏஆர்சி தேவைப்படுவது, சுருக்கப்படாத பல சேனல் ஒலி வேண்டும் என்பவர்களுக்கு. செட்டாப் பெட்டி, விளையாட்டுக் கருவி எல்லாவற்றையும் டிவியிலேயே சொருகிவிட்டு ஒரே கம்பியை ரிசீவருக்கு விட்டால், நாளை புதுப்புது படத்தரம் வந்தாலும் ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. பாட்டுக்கு புளூடூத்தைவிட வைஃபை நல்லது. புளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும்.

ஜப்பானிலிருந்து மலிவாக வரவழைக்கலாமே என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேரடியாகச் சொருகினால் கதை முடிந்தது. தனி டிரான்ஸ்ஃபார்மர், உத்தரவாதம் இல்லாமை எல்லாம் கூட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை.

கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு சனிக்கிழமை ஸ்பீக்கர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனோம். கடையில் போடும் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள். எதில் போட்டாலும் இனிக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். இரண்டு ரிசீவரை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். நான் கவனிப்பது குரல். தாழ்வான ஒலியிலும் சொல் தெளிவாக விழுகிறதா? அரை மணி நேரம் கழித்தும் காது களைக்காமல் இருக்கிறதா?

இரண்டு சேனல், ஏஆர்சி, சப்வூஃபருக்கு ஒரு துளை, 8 ஓமில் 75 வாட். 990 வெள்ளியில் முடிந்தது. ஏழு ஸ்பீக்கர் படச் சூழலை மனதாரக் கேட்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் அறையின் எதிரொலியை மைக் வைத்து அளந்து சரிசெய்யும் வசதி நன்றாக உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சன்னலும் உள்ள நம் கூடங்களில் அந்த வசதி வாட்டைவிடப் பெரிது.

மிச்சக் காசில் ஃபோம் வேலை போக, நல்ல கனமான செம்புக் கம்பி வாங்கினான். 1.5 சதுர மில்லிமீட்டர், ஐந்து மீட்டர் தூரத்துக்கு அதுவே போதும். தங்கமுலாம் கம்பிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கதவுள்ள அலமாரிக்குள் ரிசீவரை அடைக்காமல் மேலே ஒரு சாண் இடம் விடச் சொன்னேன். மாட்டி முடித்ததும் டி.எம்.எஸ்ஸின் அறுபதுகளின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அது மோனோ; குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். அறை முழுதும் பரவி, தாளமும் மெலிந்து கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது.