டோட்டல் லாஸ்: கம்பெனி சொல்ற தொகையை எப்படிக் கேள்வி கேட்கிறது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்குப் பேசப்போறது வண்டி இன்ஷூரன்ஸ்ல வர்ற ஒரே ஒரு கட்டத்தைப் பத்தி. வண்டி விபத்துல சிக்கிடுச்சு. சரிபண்ற செலவு ரொம்ப அதிகம்னு கம்பெனி "இது டோட்டல் லாஸ்"னு சொல்லிடுச்சு. கூடவே ஒரு தொகையும் சொல்லுது. அது குறைவுன்னு உங்களுக்குத் தோணுது. அடுத்து என்ன?

இதை யூட்யூப்ல தேடினா அமெரிக்க வீடியோக்கள்தான் வரிசையா வரும். அங்க நிறைய பாலிசியில 'அப்ரைசல் கிளாஸ்'னு ஒரு விதி இருக்கும். நீங்க ஒரு மதிப்பீட்டாளரை வைப்பீங்க, கம்பெனி ஒருத்தரை வைக்கும், ரெண்டு பேரும் ஒத்துப்போகலைன்னா மூணாவதா ஒரு நடுவர். நம்ம ஊர் வழக்கமான மோட்டார் பாலிசியில அந்த விதி கிடையாது. ஆனா தனியா ஒரு மதிப்பீடு வாங்க நமக்கும் வழி இருக்கு. அந்த மதிப்பீட்டை எந்த நம்பரை நோக்கி வைக்கிறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

ஃபார்முலா ரொம்பச் சின்னது

நான் கோட் எழுதிப் பொழைக்கிறவன். ஒரு ஃபார்முலா விசித்திரமான விடை கொடுத்தா, முதல்ல உள்ளே போன நம்பர்களைத்தான் பார்ப்பேன். டோட்டல் லாஸுக்கு பாலிசியில இருக்கிற ஃபார்முலா இதுதான்: ஐ.டி.வி., அதுல இருந்து உடைஞ்ச வண்டியோட மதிப்பைக் கழி. பாலிசியில போட்டிருக்கிற கட்டாயக் கழிவையும் கழி. அவ்வளவுதான்.

ஐ.டி.வி.ன்னா, பாலிசி எடுக்கும்போது ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட வண்டி மதிப்பு. 2002-ல வந்த இந்திய மோட்டார் டாரிஃப்ல இதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. வண்டிக்கு ஆறு மாசம் ஆகலைன்னா கம்பெனி பட்டியல் விலையில 5 சதவீதம் கழிவு. ஒரு வருஷத்துக்குள்ள 15, ரெண்டு வருஷத்துக்குள்ள 20, மூணுக்குள்ள 30, நாலுக்குள்ள 40, அஞ்சுக்குள்ள 50. அஞ்சு வருஷம் தாண்டினா ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிறது.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா, அதுக்குப் பேரு 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்'. வண்டி முழுசா அழியலை, ஆனா அழிஞ்ச மாதிரிதான் கணக்கு.

இப்போ முக்கியமான வரி. அந்த பாலிசி காலம் முழுக்க, டோட்டல் லாஸுக்கு ஐ.டி.வி.தான் சந்தை மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாதுன்னு பாலிசியிலேயே எழுதியிருக்கு. அதனால "இந்த மாடல் இப்ப மார்க்கெட்ல இவ்வளவுக்குத்தான் போகுது சார்"னு யாராவது சொன்னா, அந்த வரியைக் காட்டுங்க. 2008-ல தர்மேந்திர கோயல் வழக்குல உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஒரு மதிப்பை ஏத்துக்கிட்டு, விபத்துக்கு அப்புறம் அதே மதிப்பைக் கம்பெனி மறுக்க முடியாதுன்னு சொன்னாங்க.

இது நமக்கு எதிராவும் வேலை செய்யும். பிரீமியம் குறையட்டும்னு ஐ.டி.வி.யைக் குறைச்சு வெச்சிருந்தா, விபத்துக்கு அப்புறம் எந்த மதிப்பீட்டாளர் வந்தாலும் அதை ஏத்த முடியாது.

ஆக ஐ.டி.வி. பூட்டின நம்பர். பூட்டாத நம்பர் ஒண்ணுதான்: உடைஞ்ச வண்டியோட மதிப்பு, அதாவது சால்வேஜ்.

புது ஆத்துல விழுந்த வண்டி

எங்க சித்தப்பாவுக்கு ஒரத்தநாடு பக்கம். ஒரு குட்டியானை வெச்சிருந்தாரு. அறுவடை சீசன்ல நெல் மூட்டை ஏத்திக்கிட்டு நேரடி கொள்முதல் நிலையத்துக்கு ஓட்டுவாரு, மத்த நாள்ல வைக்கோல், உரம், கல்யாணப் பந்தல் சாமான். ஒரு ஆகஸ்ட் மாசம், கல்லணைக் கால்வாய்ல தண்ணி நிரம்பி ஓடுற நேரம். எங்க ஊர்ல அதைப் புது ஆறுன்னுதான் சொல்லுவோம். எதிர்ல வந்த வண்டிக்கு ஒதுங்கப்போய், கரை சரிஞ்சு வண்டி தண்ணிக்குள்ள போயிடுச்சு. சித்தப்பா நீந்தி வந்துட்டாரு. வண்டியை ரெண்டு நாள் கழிச்சு கிரேன் வெச்சுத்தான் தூக்க முடிஞ்சுது.

ஐ.டி.வி. 4,20,000. அதுல 75 சதவீதம் 3,15,000. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3,70,000 வந்துச்சு. டோட்டல் லாஸ்ங்கறதுல சண்டையே இல்லை. சால்வேஜ் மதிப்பு 1,80,000-னு போட்டு, "வண்டியை நீங்களே வெச்சுக்கோங்க, 2,40,000 தர்றோம்"னு கம்பெனி கடிதம் அனுப்புச்சு. பேங்க் கடன் பாக்கி 2,10,000. கடன்ல இருக்கிற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பணம் முதல்ல கடன் கொடுத்தவங்களுக்குத்தான் போகும். மிச்சம் கையில வர்றது 30,000 ரூபாயும், சேறு அப்பின ஒரு வண்டியும். குறுவை அறுவடைக்கு ஒரு மாசம்தான் இருக்கு.

"சேத்துல ஊறின இரும்புக்கு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேலயா தம்பி? அவங்களையே எடுத்துக்கச் சொல்லேன்"னாரு சித்தப்பா. கோபத்துல சொன்னதுதான், ஆனா கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

முதல் வேலை: ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குறது

சர்வேயர் ரிப்போர்ட் நகலை எழுத்துல கேட்டோம். சர்வேயர்களுக்கான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 2015 ஒழுங்குமுறைப்படி ரிப்போர்ட் கம்பெனிக்குப் போகும்போது நகல் பாலிசிதாரருக்கும் வரணும். வந்ததைப் படிச்சா ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு.

ஒண்ணு, அந்த 1,80,000 வெளியூர் ஏலதாரர் ஒருத்தர் போட்டோ பார்த்து ஆன்லைன்ல சொன்ன விலை. இன்ஜின் தண்ணிக்குள்ள ரெண்டு நாள் கிடந்தது போட்டோவுல எங்க தெரியும்?

ரெண்டு, அந்த விலை 'ஆர்.சி.யோட'ங்கற கணக்குல வந்த விலை. ஆர்.சி. உயிரோட இருக்கிற வண்டியைச் சரிபண்ணித் திரும்ப ரோட்ல ஓட்டலாம், அதனால விலை அதிகம். ஆர்.சி. ரத்தான வண்டி வெறும் பார்ட்ஸும் இரும்பும்தான். ஆனா அதே கம்பெனி அனுப்பின கடிதத்துல, பணம் தரணும்னா ஆர்.சி.யை ரத்து பண்ணிக் கொடுங்கன்னு நிபந்தனை இருந்துச்சு. கழிக்கிறது ஆர்.சி. இருக்கிற விலை, நம்ம கையில விடுறது ஆர்.சி. இல்லாத வண்டி. இந்த ரெண்டும் சேர்ந்து நிக்கவே முடியாது.

உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தா, முதல்ல தேடவேண்டியது இந்த முரண்பாட்டைத்தான்.

ரெண்டாவது வேலை: நம்ம பக்கத்து மதிப்பீடு

சர்வேயர்னா கம்பெனி ஆளுன்னு நினைக்கிறோம். அவர் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. லைசென்ஸ் வாங்கின தனி ஆள். பாலிசிதாரர் நியமிக்கிற சர்வேயரைப் பத்தியும் அந்த 2015 ஒழுங்குமுறை பேசுது. அதனால நாமளும் ஒருத்தரை நம்ம செலவுல வைக்கலாம். வைக்கும்போது கவனிக்கவேண்டியது:

லைசென்ஸ் நடப்புல இருக்கா, அதுல 'மோட்டார்' பிரிவு இருக்கான்னு பாருங்க. தீ விபத்து, கப்பல் சரக்குன்னு பிரிவுகள் தனித்தனி. கட்டணத்தை முன்னாடியே பேசிடுங்க. அவர் வந்து பார்க்குற வரைக்கும் வண்டியைக் கழுவாதீங்க, ஒரு போல்ட்டைக் கூடக் கழட்டாதீங்க. கம்பெனிக்கும் தேதி சொல்லி, "எங்க சர்வேயர் பார்க்கிறார், உங்க ஆளும் வரலாம்"னு ஒரு மெயில் போடுங்க.

எங்களுக்குக் கிடைச்சவர் ஓய்வுக்கு அப்புறம் தனியா தொழில் பண்றவர். ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினாரு. இன்ஜின் ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருந்துச்சு, அப்படின்னா உள்ளே தண்ணி கலந்திருக்கு. கியர் பாக்ஸ்ல வண்டல். வயரிங் முழுக்க ஈரம். ஒவ்வொண்ணையும் சேஸிஸ் நம்பரோட சேர்த்து போட்டோ எடுத்தாரு. அவரே இன்னொண்ணும் சொன்னாரு: "என் ரிப்போர்ட் ஒரு கருத்து. அது பக்கத்துல யாராவது வாங்கத் தயாரா இருக்கிற விலையை வைங்க, அப்பதான் கனம்." அதனால தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சின்னு மூணு காயலான் கடையில, ஆர்.சி. இல்லாத வண்டிக்கு என்ன தருவீங்கன்னு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கினோம். 85,000, 92,000, 95,000.

மூணாவது வேலை: ஒரே ஒரு கேள்வி கேட்கிற கடிதம்

கடிதம் ஒரு பக்கம்தான். சர்வேயர் ரிப்போர்ட்டும் மூணு விலைக் கடிதமும் இணைப்பு. கேட்டது இவ்வளவுதான்: சால்வேஜ் 1,80,000 பெறும்னா, அந்த ஏலதாரரையே எடுத்துக்கச் சொல்லி, முழு ஐ.டி.வி.யையும் கொடுங்க. இல்லைன்னா ஆர்.சி. ரத்தான வண்டிக்கு உண்மையா கிடைக்கிற விலையை மட்டும் கழிங்க.

முதல்ல வந்த பதில், "சர்வேயர் போட்டதைத் தாண்டி எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." இது சரியில்லை. 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தோட 64-யு.எம். பிரிவு, பெரிய க்ளெய்முக்கு லைசென்ஸ் பெற்ற சர்வேயர் ரிப்போர்ட் வேணும்னு சொல்லுது. அதே பிரிவுதான், சர்வேயர் மதிப்பிட்டதுல இருந்து வேற தொகையைக் கொடுக்கிற உரிமை கம்பெனிக்கு உண்டுன்னும் சொல்லுது. 2009-ல பிரதீப் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம், சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை கிடையாது, ஆதாரம் இருந்தா அதை விட்டு விலகலாம்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதுக்காக நம்ம ரிப்போர்ட் தானா ஜெயிச்சிடும்னும் இல்லை. 2021-ல கத்தேமா ஃபைபர்ஸ் வழக்குல, முறைப்படி செஞ்ச சர்வேயர் ரிப்போர்ட்டை லேசுல ஒதுக்க முடியாதுன்னும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கு. நம்ம ஆள் வேற நம்பர் சொன்னா மட்டும் போதாது, அவங்க நம்பர் எங்க தப்புன்னு காட்டணும்.

ரெண்டாவது கடிதத்துக்கு அப்புறம் மறுபடியும் ஏலம் விட்டாங்க, இந்தத் தடவை ஆர்.சி. இல்லாம. 1,10,000 வந்துச்சு. 3,10,000-க்கு க்ளெய்ம் முடிஞ்சுது. வண்டி கடைசியில 95,000-க்குப் போச்சு, அதனால 15,000 நமக்கு நட்டம்தான். இருந்தாலும் முதல் கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் 70,000 வித்தியாசம். சித்தப்பாவுக்கு அது அடுத்த வண்டிக்கான முன்பணம். குறுவைக்கு வாடகை வண்டிதான் ஓட்டினாரு, சம்பா அறுவடைக்குள்ள சொந்த வண்டி வந்துடுச்சு.

கம்பெனி மசியலைன்னா?

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் கிட்ட போகலாம். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்குமான புகாரைப் பார்ப்பாங்க. கம்பெனி மறுத்ததுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலேயே வழக்கு போடலாம். கம்பெனியோட தலைமை அலுவலகம் மும்பையில இருந்தாலும் வழக்கு தஞ்சாவூர்லதான் நடக்கும். ரெண்டு வருஷ அவகாசம். ரெண்டு இடத்துலேயும் ஒரே நேரத்துல போக முடியாது.

"முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்"னு ஒரு ரசீதுல கையெழுத்து கேட்பாங்க. பணம் அவசரம், கையெழுத்து போட்டே ஆகணும்னா, 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்'னு எழுதிட்டு, அன்னைக்கே ஒரு மெயிலும் அனுப்பிடுங்க. அந்த ரசீதைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கிற உரிமையைத் தடுக்கக் கூடாதுன்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கு.

கடைசியா ஒண்ணு. உடைஞ்ச வண்டியை வித்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. ஓட முடியாமப் போன வண்டியைப் பத்தி 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு சொல்லுது. ஆர்.சி. உங்க பேர்லயே இருந்து, யாரோ அதைச் சரிபண்ணி ஓட்டி இடிச்சிட்டா, இழப்பீட்டுப் பொறுப்பு பதிவுல இருக்கிற உரிமையாளருக்குத்தான்னு 2018-ல நவீன் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

இந்த எபிசோட் கேட்டு முடிச்சதும் உங்க பாலிசியோட முதல் பக்கத்தைத் திறந்து ஐ.டி.வி. எவ்வளவுன்னு பாருங்க. லோடு வண்டியா இருந்தா, வெளியில கட்டின பாடியோட மதிப்பு அதுல சேர்ந்திருக்கான்னும் பாருங்க. அந்த நம்பரை மாத்த முடியுறது ரின்யூவல் அன்னைக்கு மட்டும்தான். சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.