ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வருமா? உடலில் தங்கும் பழைய பூச்சிமருந்துகள்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள், மரங்களைச் சுற்றிய மிளகுக் கொடிகள் என மலையே குளுகுளுவென்று இருக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காபி, இன்று சேர்வராயன் மலையின் அடையாளம்.

இங்கு விளையும் அராபிகா காபிக்கு ஒரு பரம விரோதி உண்டு. அது வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு. பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்து குடைந்துவிட்டால், செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

இந்த வண்டை ஒழிக்கத் தென்னிந்தியக் காபித் தோட்டங்களில் பல ஆண்டுகள் கைகொடுத்தது பி.எச்.சி. பவுடர். தண்ணீரில் கலக்கித் தண்டில் பூசுவார்கள். 1997-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அடுத்து வந்த லிண்டேனின் பயன்பாடும் 2013-ல் தடை செய்யப்பட்டது.

தடை வந்ததோடு கதை முடிந்ததா? அதுதான் இல்லை!

கொழுப்பில் குடியேறும் நச்சு

பி.எச்.சி., டி.டி.டி., டையாக்சின் போன்றவை எளிதில் சிதையாதவை. தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைவதால், சிறுநீரோடு வெளியேறாமல் உடல் கொழுப்பில் தங்கிவிடும். பி.எச்.சி-யில் உள்ள பீட்டா வகை, உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 ஆண்டுகள் ஆகும். மீதிப் பாதியில் பாதி குறைய இன்னொரு 7 ஆண்டுகள்!

இவை இன்சுலின் சுரப்பையும், அது வேலை செய்யும் விதத்தையும் குலைக்கக்கூடும் என்கின்றன ஆய்வுகள். 2006-ல் அமெரிக்காவில் 2,016 பேரின் ரத்தப் பரிசோதனை விவரங்களை ஆராய்ந்தார்கள். இத்தகைய ரசாயனங்கள் அதிகம் இருந்தவர்களிடம் சர்க்கரை நோயும் அதிகம் இருந்தது. வியட்நாம் போரில் டையாக்சின் கலந்த களைக்கொல்லிக்கு ஆளான வீரர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால், அமெரிக்க அரசு இழப்பீடே தருகிறது.

மதுரை தந்த எச்சரிக்கை

இன்றைய பூச்சிமருந்துகளில் பல, சீக்கிரம் சிதைபவை. அப்படியானால் கவலை இல்லையா? மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விவசாயக் கிராமங்களில் 3,080 பேரிடம் ஆய்வு செய்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தோடு அடிக்கடி புழங்கியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. புழங்காதவர்களில் 6.2 சதவீதம்தான். குடல் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சிதைக்கும்போது உருவாகும் பொருள், கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது என்பதை எலிகளில் கண்டறிந்தார்கள்.

இதனால் பூச்சிமருந்து மட்டுமே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. பரம்பரை, உணவு, உடலுழைப்புக் குறைவு, தொப்பை எல்லாமே முக்கியம். ஆனால், `காலம் முழுக்க உழைத்தவர், ஒல்லியான உடம்பு, இவருக்கு எப்படிச் சர்க்கரை?' என்று வீட்டில் வியப்பவர்கள், அவர் செய்த வேலையையும் யோசித்துப் பார்க்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

* தோட்டத்திலோ வயலிலோ மருந்து அடித்த அனுபவம் உள்ளவர்கள், ஒல்லியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் அந்த வேலையைப் பற்றியும் சொல்லுங்கள்.

* மருந்து அடிக்கும்போது கையுறை, முகக்கவசம் அவசியம். முடிந்ததும் குளித்துவிடுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

* காலி மருந்து டப்பாவில் தண்ணீரோ தானியமோ வைக்கவே கூடாது.

* காய்கறிகளை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கறியைக் குறைக்க வேண்டாம். இறைச்சியில் கொழுப்பை நீக்கிவிடுங்கள்.

* குளிர்காய நெருப்பு மூட்டும்போது பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். அந்தப் புகையில் டையாக்சின் இருக்கலாம்.

காபித் தோட்டங்களிலும் வழி பிறந்திருக்கிறது. தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்து எடுப்பது, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் பூசுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, நிழலைப் பேணுவது என்று வண்டைச் சமாளிக்கலாம்.

பவுடர் காலத்தில் தண்டு பூசிய கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்!